ஆறாம் நம்பர் பாட்டிலுக்கு ஏழு மார்க்

நெதர்ஃபோல்ட், சசெக்ஸ்
மே மாதக் கடைசித் திங்கட்கிழமை, காலை பத்து மணி

பெருமதிப்புக்குரிய வினிஃப்ரெட் அக்காவுக்கு,

தம்பி ஹம்ஃப்ரி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே மூன்று நாளாக மழை இல்லை. அதனால் ஊரில் எல்லோரும் சற்றுக் கவலையாக இருக்கிறார்கள். அங்கே பெரிக்கில் வழக்கம்போல மழை பெய்துகொண்டிருக்கும், நீங்களும் அத்தானும் நிம்மதியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் இடது முழங்கால் எப்படி இருக்கிறது? எனக்கு வலது. அத்தான் போட்டிக்கு வளர்க்கும் லீக் வெங்காயச் செடிகள் இந்த வருடம் என்ன பருமன் வந்திருக்கின்றன என்று எழுதச் சொல்லுங்கள். டேப் வைத்து அளந்து எழுதச் சொல்லுங்கள். கண்ணால் பார்த்துச் சொல்வதை நான் ஏற்பதில்லை என்பது அவருக்கே தெரியும்.

நிற்க, நான் இந்தக் கடிதத்தை எழுதுவது உங்களிடம் ஒரு உதவி கேட்டு. போனில் கேட்கலாமே என்பீர்கள். போனில் நீங்கள் என்னை இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேச விட்டதில்லை, இது இருபது வாக்கியமாவது பிடிக்கும். விஷயம் இதுதான்: நீங்கள் என் மகள் ரோசலிண்டுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். அவளுடைய ஒயின் நன்றாக இல்லை, திராட்சைக் கொடிகளைப் பிடுங்கிவிடுவதுதான் நல்லது என்று பக்குவமாகச் சொல்ல வேண்டும். அவள் வீடு என் வீட்டிலிருந்து நானூறு கஜம். உங்கள் வீட்டிலிருந்து நானூறு மைல். ஆனாலும் நீங்கள்தான் எழுத வேண்டும். நம் குடும்பத்தில் கெட்ட செய்தி சொல்வது எப்போதுமே உங்கள் இலாகா. என் முயல் செத்துப்போனதை நீங்கள்தான் சொன்னீர்கள். எனக்குப் பாட வராது என்று தேவாலயப் பாடகர் குழு மொத்தமும் சொல்லத் தயங்கிக்கொண்டிருந்தபோது நீங்கள்தான் வாசலில் நிறுத்திச் சொன்னீர்கள். அன்றைக்கு அழுதேன், ஆனால் இன்றுவரை உங்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. அந்தத் திறமை எனக்கு இல்லை.

என்ன இது, எடையளவு இன்ஸ்பெக்டராக முப்பத்து நான்கு வருடம் குப்பை கொட்டியவனுக்கு உண்மை சொல்ல வராதா என்று நினைப்பீர்கள். ஊராருக்குச் சொல்ல வரும். கசாப்புக் கடைத் தராசில் அரை அவுன்ஸ் கள்ளம் இருந்தால் கடைக்காரர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் மறுவேலை பார்த்திருக்கிறேன். எங்கள் கல்யாண விருந்து ஹெஸ்டரின் சித்தப்பா நடத்திய பப்பில் நடந்ததே, நினைவிருக்கிறதா? அன்றைக்கே, கோட்டில் பூ குத்திக்கொண்டு, பியர் கிளாஸில் நுரை அடங்கினால் ஒரு விரல்கடை குறைகிறது என்று நோட்டுப் புத்தகத்தில் குறித்தவன் நான். அதன் பிறகு பத்து வருடம் சித்தப்பாவிடமிருந்து கிறிஸ்மஸ் வாழ்த்து அட்டை தவறாமல் வந்தது. அதில் ஹெஸ்டர் பெயர் மட்டும்தான் இருக்கும். ஹெஸ்டர் ஒரு நாளும் அதைக் குத்திக் காட்டவில்லை. அவள் போய் ஏழு வருடமாகிறது, இப்போதும் அவள் இருந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது.

ரோசலிண்ட் குராய்டனில் கண் பரிசோதகர் வேலையை விட்டுவிட்டு வந்து, தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் தெற்குச் சரிவில் இரண்டு ஏக்கர் பாக்கஸ் என்ற வெள்ளை ரகத் திராட்சை நட்டு ஆறு வருடமாயிற்று. உங்களுக்கு நினைவிருக்கும், நட்ட வருடம் நீங்கள் வந்து பார்த்துவிட்டு, "குச்சி நட்டிருக்கா" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். இரண்டு வருடம் வசந்தப் பனி மொட்டையெல்லாம் கருக்கிவிட்டது. ஒரு வருடம் பறவை தின்றது. போன இலையுதிர் காலத்தில்தான் முழு விளைச்சல். அதில் குமிழி விடாத வெள்ளை ஒயின் போட்டு, இந்த ஏப்ரலில் பாட்டிலில் அடைத்து, லேபிளில் ஒரு காட்டு முயல் படமும் ஒட்டியிருக்கிறாள். இங்கேதான் சிக்கல் ஆரம்பம். இங்கிலாந்தில் குமிழி விடும் ஒயின் என்றால் எல்லோரும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவார்கள், ராணி வீட்டு விருந்து வரைக்கும் போயிற்று என்பார்கள். குமிழி இல்லாதது என்றால் கிளாஸை உயர்த்தி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "குமிழி எங்கே?" என்று கேட்பார்கள், ஏதோ நான் கடையில் மீதிச் சில்லறை தராமல் விட்ட மாதிரி. நான் எத்தனை பேரிடம் சொல்லிவிட்டேன், இது குமிழி விடாத ஜாதி, இப்படித்தான் இருக்கும் என்று.

ஊரில் முப்பது பேருக்காவது ரோசலிண்ட் அதைக் கொடுத்தாள். முப்பது பேரும் "சுவாரசியமாக இருக்கிறது" என்று சொன்னார்கள். உங்கள் ஊர்க்காரர்கள் பட்டென்று பேசுகிறவர்கள், அதனால் எங்கள் பக்கத்து வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். இங்கே ஒரு பண்டம் நன்றாக இருந்தால் "பரவாயில்லை" என்பார்கள். மிக நன்றாக இருந்தால் "மோசமில்லை" என்பார்கள். வாயில் வைக்க முடியவில்லை என்றால்தான் "சுவாரசியமாக இருக்கிறது" என்பார்கள். ரோசலிண்ட் பிறந்து வளர்ந்தது இங்கேதான், அவளுக்கா தெரியாது. ஒரு நாள் மாலை என் அடுக்களையில் வந்து உட்கார்ந்து, மண் அப்பிய பூட்ஸைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்.

"அப்பா, இந்த ஊர்ல சுவாரசியம்னு சொல்லாத ஒரே ஆள் நீங்கதான். நீங்க குடிச்சுப் பார்த்து நெஜத்தைச் சொல்லுங்க."

"எனக்கு ஒயினைப் பத்தி என்னம்மா தெரியும்? கிளாஸ்ல எவ்வளவு இருக்குன்னு கேளு, சொல்றேன். எப்படி இருக்குன்னா எனக்குத் தெரியாது."

"கத்துக்கங்க. அடுத்த மாசம் மிஸஸ் ஏக்ஹர்ஸ்ட் ஹால்ல டேஸ்டிங் வெக்கறாங்க, லேபிள் தெரியாம. அதுல என்னோடதும் ஒண்ணு இருக்கும். எதுன்னு உங்களுக்குத் தெரியாது. நீங்க போடற மார்க்கைப் பார்த்துட்டு நான் முடிவு பண்றேன்."

"என்ன முடிவு?"

"வெச்சுக்கறதா, பிடுங்கறதான்னு. பக்கத்துப் பண்ணையில வடிகால் வெட்ட லென் பட்ஜென் பொக்லைன் கொண்டு வர்றார். அந்த வாரமே என் கொடியையும் எடுத்துத் தர்றேன்னு சொல்லியிருக்கார். குராய்டன்ல பழைய வேலை இன்னும் காலியாத்தான் இருக்கு."

அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள், சொல்லும்போது என் மேஜைத் துணியில் இல்லாத தூசியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

ஒரு காரியத்தை எடுத்தால் முறையாகச் செய்வதுதான் எனக்குப் பழக்கம். தராசைச் சோதிக்கப் போகிறவன் முதலில் முத்திரை போட்ட எடைக்கல்லைக் கையில் வைத்திருக்க வேண்டும். நூலகத்திலிருந்து ஒயின் ருசிப்பது பற்றிய ஒரு புத்தகம் எடுத்து வந்தேன். நம் நாட்டு வெள்ளை ஒயினில் எல்டர் பூ, காஞ்சொறி இலை, வெட்டிய புல், கூஸ்பெரி, ஈர வேலியோரம், சுண்ணாம்புப் பாறை ஆகிய வாசனைகள் இருக்கும் என்று அதில் போட்டிருந்தது. சரி, அசல் எப்படி இருக்கும் என்று தெரியாமல் நகலை எப்படிச் சோதிப்பது? ஒவ்வொன்றாக முகர்ந்து பார்க்கக் கிளம்பினேன். எல்டர் பூ சுலபம், சந்து முழுக்கப் பூத்திருக்கிறது. வெட்டிய புல்லுக்கு என் சொந்தப் புல்வெளி. காஞ்சொறியை முகரும்போது ஒரு அங்குலம் தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும் என்று புத்தகத்தில் யாரும் எழுதி வைக்கவில்லை. மூக்கு இரண்டு நாள் தக்காளி மாதிரி இருந்தது. ஈர வேலியோரத்துக்கு மழை நின்ற பத்தாவது நிமிடத்தில் குடையோடு போய்க் குனிந்து நின்றேன். கடைசியாகச் சுண்ணாம்புப் பாறை. அதற்கு வாசனை என்று எதுவும் தெரியவில்லை, ஆகவே மேட்டுப் பாதையில் ஒரு வெள்ளைக் கல்லைப் பார்த்து, மண்டியிட்டு, நாக்கால் தொட்டுப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து எங்கள் பாதிரியார் டோபையாஸ் பென்ஃபோல்ட் செவ்வாய்க்கிழமை நடைக் குழுவில் பதினோரு பேரைக் கூட்டிக்கொண்டு வளைவில் திரும்பினார்.

"என்ன ஹம்ஃப்ரி, எல்லாம் நல்லாத்தானே இருக்கு?"

"நல்லா இருக்கு ஐயா. கல்லை நக்கிப் பார்க்கறேன்."

"அப்படியா. இன்னிக்கு நல்ல வெயில்."

பதினோரு பேரும் ஆமாம், நல்ல வெயில் என்று சொல்லிவிட்டு என்னைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். மறுநாள் காலை மிஸஸ் ஏக்ஹர்ஸ்ட் என் வாசலில் நிற்கிறார். பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் எந்தக் கூட்டம் நடந்தாலும் அவர்தான் நடத்துவார். கையில் ஒரு சட்டி நிறைய ஆட்டுக்கறியும் பார்லியும்.

"சாப்பிடுங்க, டாப்செல். தனியா இருக்கறவங்களுக்கு சில சமயம் இப்படித்தான் ஆகும்."

"எப்படி ஆகும்?"

"ஒண்ணுமில்ல. சட்டியை நிதானமா திருப்பிக் கொடுத்தாப் போதும்."

அன்றிலிருந்து நாலு வீட்டிலிருந்து நாலு சட்டி வந்தது. நான் யாருக்கும் விளக்கம் சொல்லப் போகவில்லை. கறி நன்றாக வெந்திருந்தது.

டேஸ்டிங் போன சனிக்கிழமை மதியம், ஊர்ப் பொது ஹாலில் நடந்தது. எட்டுப் பேர், ஆறு பாட்டில். ஒவ்வொரு பாட்டிலுக்கும் காலஞ்சென்ற திரு. ஏக்ஹர்ஸ்டின் முழங்கால் வரை வரும் கம்பளி சாக்ஸ் ஒன்றை மாட்டி, கழுத்தில் நம்பர் கட்டியிருந்தார்கள். ஒயின் போட்டவர்கள் யாரும் வரக்கூடாது என்பது விதி, அதனால் ரோசலிண்ட் வரவில்லை. சாக்ஸ் மாட்டுவதற்கு முன்னால், எந்த வரிசையில் ஊற்றுவது என்று பேச்சு வந்தபோது நான்தான் வாயைத் திறந்தேன். தராசைச் சோதிக்கும்போது முழுப் பாரத்தை முதலில் ஏற்றி, படிப்படியாக இறக்கிக்கொண்டு வருவதுதான் என் வழக்கம். அதேபோல வீரியம் அதிகமானதை முதலில் வையுங்கள், குறைந்ததைக் கடைசியில் வையுங்கள் என்றேன். மிஸஸ் ஏக்ஹர்ஸ்ட் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"புத்தகத்துல லேசானதை முதல்ல வெக்கச் சொல்லியிருக்கே?"

"அது புத்தகம் எழுதினவங்க பழக்கம். நான் முப்பத்து நாலு வருஷம் சோதனை பண்ணினவன்."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றார். அவர் அப்படிச் சொன்னால் சரியில்லை என்று அர்த்தம் என்பது ஊருக்கே தெரியும். ஆனாலும் யார் என்னை எதிர்த்துப் பேசுவது? அன்றைக்கு எல்லோரும் என்னிடம் மிக மென்மையாகத்தான் நடந்துகொண்டார்கள். பாட்டில்கள் நான் சொன்ன வரிசையிலேயே நம்பரோடு வந்தன.

அரசு முத்திரை போட்ட இருபத்தைந்து மில்லி அளவுக் கிண்ணத்தை வீட்டிலிருந்து கொண்டு போயிருந்தேன். எல்லோருக்கும் நானே அளந்து ஊற்றினேன். நடுவில் ஒரு வாளி. குடித்துவிட்டு அதில் துப்ப வேண்டுமாம். நம் அம்மா நம்மை வளர்த்த வளர்ப்பில், பொது இடத்தில் ஏழு பேர் பார்க்கத் துப்புவது என்பது எனக்கு எப்படி வரும்? முதல் இரண்டையும் விழுங்கிவிட்டேன். பாதிரியார் பென்ஃபோல்ட் ஒரு கஜ தூரத்திலிருந்து ஒரு சொட்டுச் சிந்தாமல் வாளிக்குள் துப்பினார். அந்த மனிதருக்குள் இப்படி ஒரு திறமை ஒளிந்திருந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. மூன்றாவதில் நானும் துணிந்தேன். வாளி எனக்கு முன்னால்தான் இருந்தது, ஆனால் மிஸஸ் ஏக்ஹர்ஸ்டின் மார்க் அட்டை அதைவிட முன்னால் இருந்தது. அவர் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே, "பரவாயில்லை, அந்தப் பக்கம் நான் இன்னும் எழுதல," என்றார். நாலாவதில் பாதிரியார் கண்ணை மூடிக்கொண்டு, "இதுல செம்மறி ஆட்டு வாசனை வருது," என்றார். "அது சாக்ஸ், ஐயா," என்றார் மிஸஸ் ஏக்ஹர்ஸ்ட்.

அக்கா, முதல் பாட்டில் எப்படி இருந்தது தெரியுமா? தங்க நிறம். வெண்ணெய் தடவிய ரொட்டி வாசனை. வாயில் போட்டால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டது, எழுந்திருக்கவே இல்லை. இருபதுக்குப் பதினாறு போட்டேன். இதுதான் நம் ரோசலிண்டுடையது என்று மனதுக்குள் முடிவு கட்டி, அவள் அம்மா பார்க்கவில்லையே என்றுகூட நினைத்துக்கொண்டேன். அடுத்து வந்ததெல்லாம் பதிமூன்று, பதினான்கு. கடைசியில் ஆறாம் நம்பர். தண்ணீர் மாதிரி வெளுத்திருந்தது. வாயில் வைத்தேன், பல்லைக் கூசிற்று, எங்கே போயிற்று என்று பார்ப்பதற்குள் போய்விட்டது. நான் எழுதியதை அப்படியே தருகிறேன்: "நிறம் மூன்று. மற்றவை எல்லாம் சேர்த்து நாலு. மொத்தம் ஏழு. நீர்த்தது, புளித்தது. மழை நின்ற பிறகு வேலியோரம் நடந்தாற்போல் இருக்கிறது, ஆனால் வேலியோரம் நடப்பதற்கு யாரும் கார்க் திறக்க வேண்டியதில்லை." எழுதிவிட்டு, நன்றாக எழுதிவிட்டோம் என்று கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது.

பிறகு சாக்ஸைக் கழற்றினார்கள். ஒன்றாம் நம்பர் உலகத்தின் அந்தக் கோடியிலிருந்து கப்பலேறி வந்தது. ஆறாம் நம்பரில் காட்டு முயல் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மற்ற ஏழு பேரும் அதற்கு என்ன எழுதியிருந்தார்கள் என்று நான் சொல்ல வேண்டுமா? சுவாரசியம். பாதிரியார் மட்டும் மிகவும் சுவாரசியம் என்று எழுதியிருந்தார். மார்க் என்று போட்டவன் நான் ஒருவன்தான். அட்டையை மடித்துக் கோட்டின் உள் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, அந்தக் கோட்டை அலமாரிக்குள் மாட்டி அலமாரியையும் பூட்டினேன். எதற்குப் பூட்டினேன் என்று கேட்காதீங்க.

நேற்று ஞாயிற்றுக்கிழமை ரோசலிண்ட் வந்தாள். நான் கூரைத் தண்ணீர்க் குழாய் அடைத்திருப்பதைப் பற்றி ஆரம்பித்தேன். அரை மணி நேரம் அதைப் பற்றியே பேசினேன், அவளும் பொறுமையாகக் கேட்டாள். வாசல் வரை போய்த் திரும்பி நின்றுதான் கேட்டாள்.

"அட்டை எங்கப்பா?"

"எங்கேயோ வெச்சிருக்கேன். தேடணும்."

"நீங்க ஒரு பொருளை எங்கேயோ வெச்சு நான் பார்த்ததில்ல."

"வயசாயிடுச்சுல்ல."

"சரி. புதன்கிழமைக்குள்ள தேடிச் சொல்லுங்க. வியாழக்கிழமை லென் வந்துடுவார்." அவ்வளவுதான் சொன்னாள். அவள் சரிவில் இறங்கிப் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கொடி வரிசைக்கு வந்ததும், போகிற போக்கில் நாலு தளிரைக் கம்பிக்குள் செருகிவிட்டுப் போனாள். வியாழக்கிழமை பிடுங்கப் போகிற கொடியை யாராவது கட்டிவிடுவார்களா, அக்கா? அதைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ராத்திரி முழுக்கப் புரண்டு படுத்தேன். ஏழை பன்னிரண்டாகத் திருத்தினால் என்ன என்று ஒரு யோசனை. முப்பத்து நாலு வருஷம் அடுத்தவன் திருத்தினதைக் கண்டுபிடிச்சவனுக்கு இது அடுக்குமா என்று ஒரு யோசனை. அந்தப் பெண் ஆறு வருஷம் பனியிலும் சேற்றிலும் நின்றாளே, இன்னும் ஆறு வருஷம் வீணாப் போகட்டும்னு நான் பொய் சொல்லி அனுப்பவா? இல்ல, உண்மையைச் சொல்லி இந்த வாரமே அவ மனசை ஒடிக்கவா? ரெண்டும் என்னால ஆகாது. அதான் உங்ககிட்ட வந்து நிக்கறேன்.

ஆகவே தாங்கள் தயவுசெய்து இந்தக் கடிதம் கண்டவுடன், முதல் வகுப்புத் தபாலில், அவளுக்கு எழுத வேண்டும். நான் மார்க் போட்டதாக இருக்க வேண்டாம். நீங்களே போன தடவை பார்த்ததில் உங்களுக்கு நம்பிக்கை வரவில்லை என்று எழுதலாம்; அது உண்மையும்கூட. கொடியெல்லாம் போன பிறகு அங்கே ஒரு மாதம் வந்து தங்கச் சொல்லுங்கள். கடற்கரையில் நடக்கட்டும், அத்தானோடு லீக் தோட்டத்தில் நிற்கட்டும். எந்தக் காரணத்தைக் கொண்டும் அவளைத் தேற்றப் பார்க்காதீர்கள், அது உங்களுக்கு வராது.

ஒயின் எப்படி இருக்கிறது என்று நீங்கள் துல்லியமாக எழுதினால்தான் அவள் நம்புவாள் என்பதால், என்னிடம் இருக்கும் ஒரு பாட்டிலை இன்று மதியம் திறந்து, சரியாக நூற்றிருபத்தைந்து மில்லி அளந்து குடித்து, குறைகளை வரிசையாக எழுதித் தனித் தாளில் இணைக்கிறேன்.

அத்தானுக்கு என் நமஸ்காரம். உங்கள் இருவருக்கும் முழங்காலும் மூச்சும் குறைவில்லாமல் இருக்கவும், லீக் செடிகளுக்கு நோய் நொடி வராமல் இருக்கவும், பெரிக்கில் வாரம் ஒரு நாளாவது வெயில் அடிக்கவும் ஆண்டவனை வேண்டும்,

உங்கள் அன்புத் தம்பி,
ஹம்ஃப்ரி டாப்செல்

பின்குறிப்பு (அதே நாள், மாலை ஐந்து மணி):

அக்கா, மேலே எழுதியிருக்கும் எதையும் செய்யாதீர்கள். உறையில் விலாசம் எழுதித் தபால் தலையும் ஒட்டிவிட்டேன், அதைக் கிழித்தால் வீண் என்பதால்தான் அனுப்புகிறேன்.

நடந்தது இது. மதியம் என் தோட்டத்து ஆஸ்பராகஸ் தண்டு கொஞ்சம் வேகவைத்தேன், நேற்றைய ட்ரவுட் மீன் பாதி இருந்தது, புது உருளைக்கிழங்கு நாலு. மேஜையில் பேப்பரும் பென்சிலும் வைத்துக்கொண்டு பாட்டிலைத் திறந்து அளந்து ஊற்றினேன். குறை ஒன்று என்று எழுதிவிட்டு ஒரு வாய் குடித்தேன். மீனில் ஒரு துண்டு சாப்பிட்டு இன்னொரு வாய். அந்தப் புளிப்பு மீனுக்கு எலுமிச்சை பிழிந்த மாதிரி வந்து உட்கார்ந்தது. எல்டர் பூ வந்தது. வெட்டிய புல் வந்தது. நான் நக்கிய அந்தக் கல்கூட வந்தது, சத்தியமாக. பென்சிலை வைத்துவிட்டு யோசித்தேன். சனிக்கிழமை ஐந்து பெரிய ஒயினை ஏற்றி நாக்கை மரத்துப்போக வைத்த பிறகு, கடைசியில் இதைக் கொண்டு வந்து நிறுத்தினால் அது என்ன செய்யும்? மூட்டை தூக்கி இறக்கின கையில மோதிரத்தை வெச்சு எடை கேட்ட கதைதான். அந்த வரிசையைச் சொன்னது யாரு? நான். தராசு சரியாத்தான் இருந்தது அக்கா, இன்ஸ்பெக்டர்தான் சரியில்ல.

அப்படியே எழுந்து, நாப்கினைக் கழுத்திலிருந்து எடுக்கக்கூட மறந்துபோய், சரிவில் இறங்கிப் போனேன். ரோசலிண்ட் கொடிக்கு நடுவில் குனிந்து நின்றுகொண்டிருந்தாள்.

"நல்லா இருக்கும்மா உன் ஒயின்."

"அப்பா."

"நெஜமாத்தான். மீனோட குடிச்சேன். வரிசை தப்பு, நான்தான் தப்பா வெக்கச் சொன்னேன்."

அவள் நிமிர்ந்து என் கழுத்து நாப்கினைப் பார்த்தாள். "நீங்க அப்பாவா பேசறீங்க. நான் இன்ஸ்பெக்டரைத்தான் கேட்டேன்."

ஆயுசு முழுக்கப் பொய் சொல்லாமல் இருந்துவிட்டு, ஒரு நாள் மகளிடம் உண்மை சொன்னால் அவள் நம்பவில்லை. திரும்பி வீட்டுக்கு நடந்தேன், அலமாரியைத் திறந்தேன், அட்டையை எடுத்துக்கொண்டு மறுபடி இறங்கிப் போய் அவள் கையில் கொடுத்தேன். முழங்கால் என்னை என்ன திட்டியது என்று எழுத முடியாது.

அவள் நின்றபடியே படித்தாள். திரும்ப முதலிலிருந்து படித்தாள்.

"ஏழா?"

"ஏழு."

"நெறத்துக்கு மூணு போயிட்டா, மிச்ச எல்லாத்துக்கும் சேர்த்து நாலுதானா?"

"ஆமா."

"வேலியோரம் நடக்க யாரும் கார்க் திறக்க வேண்டியதில்லையா?"

"அன்னிக்கு அப்படித்தான் இருந்தது."

அவள் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளோ என்று பயந்தேன்; தோள் குலுங்கிற்று, சிரித்துக்கொண்டிருந்தாள். ஆறு வருடத்தில் யாரும் தனக்கு இவ்வளவு மோசமாக எழுதித் தந்ததில்லை என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அட்டையைத் திருப்பி என்னிடமே நீட்டி, "சரி, இன்னிக்கு எவ்வளவு?" என்று கேட்டாள். இப்போது அவள் கேட்டது அப்பாவை அல்ல.

நான் அந்தக் கொடி வரிசையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பதினஞ்சு," என்றேன்.

"பதினாறு இல்லையா?"

"பதினஞ்சுதான். முடிவுல கொஞ்சம் அவசரப்படுது."

இருபதில் ஐந்து குறைத்ததைக் கேட்ட பிறகுதான் அவள் முகம் தெளிந்தது. எழுந்து, பூட்ஸ் மண்ணைத் தட்டிக்கொண்டே, லென் பட்ஜெனுக்குப் போன் போட்டு, வடிகாலோடு நிறுத்திக்கொள்ளுங்கள், என் பக்கம் வர வேண்டாம் என்றாள். இருபது என்று சொல்லியிருந்தால் வியாழக்கிழமை பொக்லைன் வந்திருக்கும்.

ஆனால் அக்கா, உங்களிடம் மட்டும் சொல்கிறேன், இதை அவளுக்கு எழுதிவிடாதீர்கள்: என் மனதுக்குள் இருபதுதான் போட்டிருந்தேன். இத்தனை வருடத்தில் நான் குறைத்து அளந்தது அது ஒன்றுதான்.

ஹம்ஃப்ரி